செக் என்ஜின் லைட் எரியுதா? பழைய காருக்கு இ20 பெட்ரோல்தான் வில்லனா? செலவு செய்யும் முன் தெரிந்துகொள்ள வேண்டியவை

டேஷ்போர்டில் மஞ்சள் நிறத்தில் ஒரு குட்டி என்ஜின் படம். வண்டி ஓடுகிறது, சத்தத்திலும் பெரிய மாற்றம் இல்லை. ஆனால் அந்த விளக்கு மட்டும் அணைய மறுக்கிறது. பத்து, பதினைந்து வயதான கார் வைத்திருப்பவர்களுக்கு இது பழகிப்போன தலைவலி.

20 சதவீதம் எத்தனால் கலந்த இ20 பெட்ரோல் 2025-ல் நாடு முழுக்க வழக்கத்துக்கு வந்துவிட்டது. அதன் பிறகு இந்த விளக்கு எரிந்தாலே "எல்லாம் பெட்ரோல் செய்யுற வேலை" என்கிறார் ஒருவர். "பெட்ரோலுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லை, சென்சாரை மாத்துங்க" என்கிறார் இன்னொருவர். நடுவில் பர்ஸைத் திறப்பது கார் உரிமையாளர்தான்.

இந்தக் குழப்பத்தைப் புரிந்துகொள்ள காஞ்சிபுரம் நல்ல உதாரணம். இருங்காட்டுக்கோட்டை, ஒரகடம் தொழிற்சாலைகளில் இருந்து புத்தம் புது கார்கள் வெளியே போகும் மாவட்டம் இது. ஆனால் கோயில் வீதிகளிலும், பட்டுச்சேலைக் கடைகள் நிறைந்த காந்தி சாலையிலும் நின்று பார்த்தால் டிஎன் 21 என்று தொடங்கும் பழைய நம்பர் பிளேட்டுகளும் கண்ணில் படும். அவற்றில் பலவும் இ20 என்ற சொல்லே புழக்கத்துக்கு வராத காலத்தில் வாங்கிய வண்டிகள்.

அந்த விளக்கு உண்மையில் என்ன சொல்கிறது, இ20-க்கும் அதற்கும் என்ன தொடர்பு, தேவையில்லாத செலவை எப்படித் தவிர்ப்பது? விரிவாகப் பார்க்கலாம்.

விளக்கு எரிவதற்கு என்ன அர்த்தம்?

காரின் என்ஜினை இப்போது ஒரு சின்ன கம்ப்யூட்டர்தான் இயக்குகிறது. மெக்கானிக்குகள் இதை ஈசிஎம் அல்லது ஈசியூ என்பார்கள். காற்று எவ்வளவு உள்ளே வருகிறது, என்ஜின் எவ்வளவு சூடு, புகையில் எவ்வளவு ஆக்சிஜன் மிச்சம் என்று பல சென்சார்கள் இதற்குத் தகவல் சொல்லிக்கொண்டே இருக்கும்.

ஒரு தகவல் வழக்கமான அளவைத் தாண்டினால் கம்ப்யூட்டர் அதைக் கவனிக்கும். அதே கோளாறு திரும்பவும் தெரிந்தால் ஒரு குறியீட்டு எண்ணை நினைவில் பதிந்துகொண்டு விளக்கை எரிய விடும். இதைத்தான் 'கோடு' என்கிறார்கள்.

இங்கே ஒரு விஷயம் முக்கியம். "ஏதோ சரியில்லை, என்னைக் கேளுங்கள்" என்பதைத்தான் அந்த விளக்கு சொல்கிறது. எந்த பாகம் போயிருக்கிறது என்று அது சொல்வதில்லை.

அப்படியே ஓட்டலாமா, நிறுத்த வேண்டுமா?

இதை முடிவு செய்ய நிறமும், எரியும் விதமும் போதும்.

மஞ்சள் விளக்கு நிலையாக எரிகிறது, வண்டியின் ஓட்டத்தில் மாற்றம் இல்லை என்றால் பதற வேண்டாம். வீடு வரை அல்லது மெக்கானிக் ஷெட் வரை நிதானமாக ஓட்டிச் செல்லலாம். ஆனால் மாதக்கணக்கில் தள்ளிப்போடக் கூடாது.

மஞ்சள் விளக்கு விட்டு விட்டு மின்னினால் கதை வேறு. ஏதோ ஒரு சிலிண்டரில் பெட்ரோல் சரியாக எரியவில்லை என்று பொருள். ஷெட் பாஷையில் 'மிஸ்ஸிங் அடிக்குது'. எரியாத பெட்ரோல் அப்படியே சைலன்சர் பாதையில் இருக்கும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டருக்குள் போய், அங்கே எரிந்து, அதன் உட்பகுதியை உருக்கிவிடலாம். பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் போன்ற விலை உயர்ந்த உலோகங்கள் பூசப்பட்ட பாகம் அது. பிளக்கோடு முடிய வேண்டிய செலவு பல மடங்காகும் இடம் இதுதான். வேகத்தைக் குறைத்து, ஓரங்கட்டி, முடிந்தால் வண்டியைக் கட்டி இழுத்துச் செல்வது நல்லது.

சிவப்பு நிறத்தில் எண்ணெய்க் கிண்ணம் போன்ற படமோ, வெப்பமானி படமோ எரிந்தால் அது செக் என்ஜின் லைட் இல்லை. ஆயில் அழுத்தம் அல்லது என்ஜின் சூடு பற்றிய அபாய எச்சரிக்கை. பாதுகாப்பான இடம் பார்த்து உடனே நிறுத்தி, என்ஜினை அணைக்க வேண்டும்.

உங்கள் கார் எந்தக் காலத்து கார்?

அமெரிக்காவில் 1996 மாடல் கார்களில் இருந்து எல்லா நிறுவனங்களுக்கும் பொதுவான ஓபிடி-2 முறை கட்டாயமானது. ஐரோப்பாவில் பெட்ரோல் கார்களுக்கு 2001-ல் இதுபோன்ற முறை வந்தது.

இந்தியாவில் சென்னை உள்ளிட்ட 13 நகரங்களில் 2010 ஏப்ரலில் பிஎஸ்-4 விதி அமலானபோது ஓபிடி-1 வந்தது. 2013 ஏப்ரலில் இருந்து பிஎஸ்-4 கார்களுக்கு ஓபிடி-2 கட்டாயம். பிஎஸ்-4 நாடு முழுவதும் அமலானது 2017 ஏப்ரலில். பிஎஸ்-6 வந்தது 2020 ஏப்ரலில்.

இந்த வரலாறு எதற்கு? உங்கள் கார் ஓபிடி-2 வகை என்றால் ஸ்டீயரிங்குக்குக் கீழே 16 பின் கொண்ட சாக்கெட் இருக்கும். எந்தப் பொதுவான ஸ்கேனரை மாட்டினாலும் கோடு தெரியும். புளூடூத் மூலம் மொபைலோடு இணையும் சிறிய கருவிகள் சில நூறு ரூபாயில் இருந்தே கிடைக்கின்றன. அதற்கு முந்தைய கார் என்றால் அந்த நிறுவனத்தின் ஸ்கேனரோ, பல பிராண்டுகளையும் படிக்கும் கருவி வைத்திருக்கும் ஷெட்டோ தேவைப்படலாம்.

கோடு எண்ணை எப்படிப் புரிந்துகொள்வது?

ஓபிடி-2 கோடு ஓர் ஆங்கில எழுத்தும் நான்கு இலக்கமும் கொண்டது. 'பி' என்று தொடங்கினால் என்ஜின் மற்றும் கியர் சம்பந்தப்பட்டது. அடுத்த இலக்கம் பூஜ்யம் என்றால் பொதுவாக எல்லா நிறுவனங்களுக்கும் ஒரே அர்த்தம். 1 என்றால் அந்த நிறுவனத்துக்கே உரிய கோடு. பழைய கார்களில் அடிக்கடி தலைகாட்டும் மூன்றைப் பார்ப்போம்.

பி 0301: முதல் சிலிண்டரில் மிஸ்ஸிங். இரண்டாவது என்றால் 0302, மூன்றாவது என்றால் 0303. பிளக், காயில், இன்ஜெக்டர், வயர் என எதுவும் காரணமாக இருக்கலாம். ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனி காயில் உள்ள காரில் பைசா செலவில்லாத சோதனை ஒன்று உண்டு. முதல் சிலிண்டரின் காயிலை இரண்டாவதற்கு மாற்றி மாட்டி ஓட்டிப் பார்க்க வேண்டும். கோடு 0302 ஆக மாறினால் காயில்தான் குற்றவாளி. மாறாமல் 0301 என்றே நின்றால் அடுத்ததாக பிளக்கை இதேபோல் மாற்றிப் பார்க்கலாம்.

பி 0171: கலவை 'லீன்'. அதாவது காற்று அதிகம், பெட்ரோல் குறைவு. இந்தக் கோடு வந்ததும் ஆக்சிஜன் சென்சாரை மாற்றச் சொல்வது பல இடங்களில் நடக்கிறது. ஆனால் பல நேரம் அந்த சென்சார் தன் வேலையைச் சரியாகச் செய்ததால்தான் விளக்கே எரிந்திருக்கும். விரிசல் விட்ட ரப்பர் ஹோஸ், அழுக்கேறிய காற்று சென்சார், அடைத்த பெட்ரோல் ஃபில்டர், பலம் குறைந்த பெட்ரோல் பம்ப் ஆகியவற்றை முதலில் பார்க்க வேண்டும்.

பி 0420: கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் சரியாக வேலை செய்யவில்லை என்ற சந்தேகம். இது சந்தேகம் மட்டும்தான். சைலன்சர் பைப்பில் கசிவு இருந்தாலும், பின்பக்க ஆக்சிஜன் சென்சார் பழுதானாலும் இதே கோடு வரும். மிஸ்ஸிங் பிரச்சினையைச் சரிசெய்யாமல் புது கன்வெர்ட்டர் போட்டால் அதுவும் போகும்.

காஞ்சிபுரத்துத் தறிக்காரர்களுக்கு இதைச் சொல்லிப் புரியவைக்கவே வேண்டாம். பாவில் ஓர் இழை அறுந்தால் எந்த இழை என்று தேடிப் பிடித்து முடிச்சுப் போடுவார்களே தவிர, பாவையே மாற்ற மாட்டார்கள்.

நம்மூர் சூழலில் வழக்கமான காரணங்கள் என்ன?

செக் என்ஜின் லைட் எரிந்தால் பெட்ரோல் டேங்க் மூடியை இறுக்குங்கள் என்று இணையத்தில் நிறைய அறிவுரை கிடைக்கும். அது அமெரிக்க விதிகளை ஒட்டியது. அங்கே டேங்கில் இருந்து ஆவி கசிகிறதா என்பதையும் கம்ப்யூட்டர் சோதிக்கும். நம்மூர் பழைய கார்களில் அந்தச் சோதனை பெரும்பாலும் கிடையாது. மூடியை இறுக்குவதில் தப்பில்லை, ஆனால் அதோடு விளக்கு அணையும் என்று காத்திருக்க வேண்டாம்.

காஞ்சிபுரம் மாதிரி ஊர்களில் முதலில் பார்க்க வேண்டியவை இவை:

தூசி: ஸ்ரீபெரும்புதூர் - வாலாஜாபேட்டை இடையே சென்னை - பெங்களூரு நெடுஞ்சாலையை ஆறுவழியாக்கும் பணி பல ஆண்டுகளாக இழுத்துக்கொண்டே போனது. இப்படிப்பட்ட தூசிச் சாலைகளில் தினமும் ஓடும் காரின் ஏர் ஃபில்டர் சீக்கிரம் அடைக்கும். சர்வீஸ் புத்தகத்தில் உள்ள கிலோமீட்டர் வரை காத்திருக்காமல் முன்னதாகவே பார்க்க வேண்டும்.

எலி: நெருக்கமான தெருக்களில் நாள்கணக்கில் நிற்கும் கார்களின் பானட்டுக்குள் எலி குடியேறுவது சகஜம். கடித்த ஒரு வயர் போதும், சம்பந்தமே இல்லாத நாலு கோடு சேர்ந்து வரும். ஒரே நேரத்தில் பல சென்சார் கோடுகள் வந்தால் அத்தனை சென்சாரும் ஒன்றாகச் செத்துப்போக வாய்ப்பு குறைவு. வயரிங், எர்த் இணைப்பு, பேட்டரி ஆகியவற்றைத்தான் முதலில் சந்தேகப்பட வேண்டும்.

மழை: வடகிழக்குப் பருவமழையில் தேங்கிய தண்ணீரில் வண்டி இறங்கினால் கனெக்டர்களில் ஈரம் புகுந்து பச்சை பூக்கும். மழைக்குப் பிறகு எரிந்த விளக்கு என்றால் கனெக்டரைக் கழற்றிச் சுத்தம் செய்து பார்ப்பதே முதல் வேலை.

குறுகிய ஓட்டம்: கோயில், கடைவீதி, வீடு என்று இரண்டு மூன்று கிலோமீட்டர் மட்டுமே ஓடும் காரில் என்ஜின் முழுதாகச் சூடேறாது. பிளக்கிலும் த்ராட்டில் பாடியிலும் கரி படியும்.

கேஸ் கிட்: பின்னால் பொருத்திய சிஎன்ஜி அல்லது எல்பிஜி கிட் சரியாக ட்யூன் செய்யப்படவில்லை என்றால் கலவை தொடர்பான கோடுகள் வரும். பெட்ரோலில் மட்டும் சில நாள் ஓட்டிப் பார்த்தால் விஷயம் தெரிந்துவிடும்.

டீசல் கார்களில் கரி அடைத்த இஜிஆர் வால்வு அடிக்கடி காரணமாகிறது. டீசல் காருக்கும் இ20-க்கும் சம்பந்தம் இல்லை.

சரி, இ20 பெட்ரோல்தான் காரணமா?

இந்தியாவில் பெட்ரோலில் 10 சதவீத எத்தனால் என்ற இலக்கு 2022 ஜூனில் எட்டப்பட்டது. 20 சதவீதத்தை முதலில் 2030-க்குள் எட்டுவதாகத்தான் திட்டம். பிறகு அது 2025-க்கு முன்னுக்குக் கொண்டுவரப்பட்டது. 2023 ஏப்ரல் முதல் தயாரான கார்கள் இ20-க்கு ஏற்ற பாகங்களுடன் வரத் தொடங்கின. பழைய கார்களுக்கும் பங்கில் கிடைப்பது அதே பெட்ரோல்தான்.

எத்தனாலில் இயற்கையாகவே ஆக்சிஜன் இருக்கிறது. ஒரு கிலோ சாதாரண பெட்ரோல் முழுதாக எரிய சுமார் 14.7 கிலோ காற்று வேண்டும். ஒரு கிலோ எத்தனாலுக்கு சுமார் 9 கிலோ போதும். இ10-க்கு இது சுமார் 14.1, இ20-க்கு சுமார் 13.5.

அதாவது அதே அளவு காற்றுக்கு, இ10-ஐ விட இ20-ல் சுமார் 4 சதவீதம் கூடுதல் எரிபொருள் ஊற்ற வேண்டும். எத்தனால் இல்லாத பெட்ரோலோடு ஒப்பிட்டால் சுமார் 8 சதவீதம். இந்தத் திருத்தத்தைக் கம்ப்யூட்டர் தானாகவே செய்துகொள்ளும். புகையில் மிஞ்சும் ஆக்சிஜனைப் பார்த்து, "இன்னும் கொஞ்சம் ஊற்று" என்று இன்ஜெக்டருக்குச் சொல்லும். இந்தத் திருத்தத்தின் பெயர்தான் 'ஃபியூல் ட்ரிம்'. பல கார்களில் இது 20 முதல் 25 சதவீதத்தை ஒட்டிப் போனால்தான் லீன் கோடு பதிவாகி விளக்கு எரியும்.

நல்ல நிலையில் இருக்கும் காரில் 4 அல்லது 8 சதவீதத் திருத்தம் மட்டுமே விளக்கை எரிய வைக்காது. ஆனால் பழைய காரில் ஏற்கெனவே ஒரு ஹோஸ் விரிசல் விட்டு, திருத்தம் 17, 18 சதவீதத்தில் ஓடிக்கொண்டிருந்தது என்று வைத்துக்கொள்வோம். அதுவரை விளக்கு எரிந்திருக்காது, ஓட்டுபவருக்கும் தெரிந்திருக்காது. அதன்மேல் இ20-க்காக இன்னொரு 4 சதவீதம் சேர்ந்தால் எல்லையைத் தாண்டிவிடும். லைட் எரியும்.

ஆகவே "இ20-ஆல்தான்" என்பதும் முழு உண்மை இல்லை, "இ20-க்குச் சம்பந்தமே இல்லை" என்பதும் முழு உண்மை இல்லை. மறைந்திருந்த கோளாறை புதுப் பெட்ரோல் வெளியே கொண்டுவந்திருக்கலாம். அந்தக் கோளாறைச் சரிசெய்தால் பெரும்பாலும் விளக்கும் அணையும்.

இதை எப்படிக் கண்டுபிடிப்பது?

ஸ்கேனரில் கோடு எண்ணோடு நிறுத்தாமல் 'லாங் டேர்ம் ஃபியூல் ட்ரிம்' என்ற அளவையும் பார்க்கச் சொல்லுங்கள். என்ஜின் நன்றாகச் சூடேறிய பிறகு, முதலில் ஐடிலில் ஒரு முறை, பிறகு ஆக்ஸிலரேட்டரை மிதித்து 2,500 ஆர்பிஎம்மில் ஒரு முறை.

- ஐடிலில் அளவு அதிகம், ஆர்பிஎம் ஏற்றினால் குறைகிறது: எங்கோ காற்றுக் கசிவு. ஹோஸ், கேஸ்கெட்டைப் பார்க்க வேண்டும்.
- ஐடிலில் பரவாயில்லை, வேகம் கூடக் கூட அளவும் ஏறுகிறது: பெட்ரோல் போதுமான அளவு வரவில்லை. ஃபில்டர், பம்ப், இன்ஜெக்டர் பக்கம் தேட வேண்டும். காற்று சென்சாரையும் சுத்தம் செய்து பார்க்கலாம்.
- இரண்டிலும் ஏறக்குறைய ஒரே மாதிரி, 4 முதல் 8 சதவீதம் வரைதான்: எத்தனாலுக்காக என்ஜின் செய்துகொண்ட வழக்கமான திருத்தமாக இருக்கலாம். இதற்காகப் பாகம் மாற்றத் தேவையில்லை.

சில நிமிட வேலைதான் இது. ஆயிரக்கணக்கில் சென்சார் வாங்குவதற்கு முன் இந்த எண்களைக் கேட்டு வாங்குவது உரிமையாளரின் கையில் இருக்கிறது.

எத்தனாலால் வேறு பாதிப்பே இல்லையா?

இருக்கிறது. எத்தனால் ஈரத்தை இழுக்கும். டேங்கில் பல ஆண்டுகளாகப் படிந்த கசடைக் கரைத்து எடுத்துவரும் குணமும் உண்டு. வாரக்கணக்கில் ஓடாமல் நிற்கும் பழைய காரில் இதனால் ஃபில்டரும் இன்ஜெக்டரும் அடைபட வாய்ப்பு இருக்கிறது. இ20-க்காக வடிவமைக்கப்படாத ரப்பர் ஹோஸ், கேஸ்கெட்டுகளும் சீக்கிரம் தேயலாம்.

பிரீமியம் பெட்ரோல் போட்டால் எத்தனால் இருக்காது என்று நினைப்பவர்களும் உண்டு. பொதுவாக விற்கப்படும் 95 ஆக்டேன் பிரீமியம் பெட்ரோலிலும் எத்தனால் கலக்கப்படுகிறது. ஆக்டேன் அளவு வேறு, எத்தனால் அளவு வேறு.

அரசு என்ன சொல்கிறது?

2025 ஆகஸ்டில் சர்ச்சை பெரிதானபோது மத்திய பெட்ரோலிய அமைச்சகம் விளக்கம் கொடுத்தது. இ10-க்காக வடிவமைத்து இ20-க்கு ட்யூன் செய்த நான்கு சக்கர வாகனங்களில் மைலேஜ் 1 முதல் 2 சதவீதமும், மற்றவற்றில் 3 முதல் 6 சதவீதமும் குறையலாம் என்றது. சில பழைய வண்டிகளில் ரப்பர் பாகங்களையும் கேஸ்கெட்டுகளையும் 20,000 முதல் 30,000 கிலோமீட்டர் ஓடிய பின் மாற்ற வேண்டிவரலாம், அது வழக்கமான சர்வீஸில் முடியும் குறைந்த செலவுதான் என்றும் சொன்னது. இ20 போட்டால் காப்பீடு செல்லாது என்ற பேச்சையும் மறுத்தது.

ஆனால் 2021 ஜூனில் நிதி ஆயோக் வெளியிட்ட எத்தனால் கலப்பு பற்றிய திட்ட அறிக்கை இன்னொன்றையும் சொல்லியிருந்தது. எத்தனால் இல்லாத பெட்ரோலுக்காக வடிவமைத்து இ10-க்கு ட்யூன் செய்த நான்கு சக்கர வாகனங்களில் இ20-ஆல் 6 முதல் 7 சதவீதம் மைலேஜ் குறையும் என்பது அதன் மதிப்பீடு. பழைய வண்டிகளுக்காக இ10 பெட்ரோலும் தொடர்ந்து கிடைக்க வேண்டும் என்பது அதன் பரிந்துரை. அந்தப் பரிந்துரைக்கு மாறாக, 2025-ல் இ10 என்ற தனித் தெரிவு இல்லாமலேயே இ20 விற்பனைக்கு வந்தது.

எத்தனால் கலக்காத பெட்ரோலும் வேண்டும் என்று கேட்ட பொதுநல மனுவை உச்ச நீதிமன்றம் 2025 செப்டம்பர் 1-ல் தள்ளுபடி செய்தது. இந்தத் திட்டத்தால் கரும்பு விவசாயிகளுக்குப் பலன் கிடைக்கிறது என்பது அரசுத் தரப்பு வாதங்களில் ஒன்று. கச்சா எண்ணெய் இறக்குமதிச் செலவு குறைகிறது என்பதும் அரசு தொடர்ந்து சொல்லும் காரணம்.

பிரேசிலை இதற்கு உதாரணமாகக் காட்டுவார்கள். அங்கே பல ஆண்டுகளாக 27 சதவீதக் கலப்பு இருந்தது. 2025 ஆகஸ்டில் அது 30 சதவீதமானது. ஆனால் அங்கே இது பல பத்தாண்டுகளில் படிப்படியாக வந்தது, எந்த விகிதத்திலும் ஓடும் ஃபிளெக்ஸ் ஃபியூல் கார்களும் அதற்கேற்பப் பெருகின. இந்தியாவில் 10-ல் இருந்து 20-க்கு வர ஆனது மூன்றே ஆண்டு. கார்களின் வயசு அந்த வேகத்தில் குறையவில்லை.

மெக்கானிக்கிடம் என்ன கேட்க வேண்டும்?

"லைட் எரியுது, அணைச்சுக் கொடுங்கண்ணே" என்று கேட்டால் அணைத்துத்தான் கொடுப்பார்கள். ஸ்கேனரில் ஒரு பட்டனை அழுத்தினாலோ, பேட்டரியைக் கழற்றி மாட்டினாலோ பல கார்களில் விளக்கு அணைந்துவிடும். கோளாறு அப்படியே இருக்கும், கொஞ்ச நாளில் மறுபடி எரியும்.

அதற்குப் பதிலாக இப்படிக் கேளுங்கள்:

1. என்ன கோடு வந்திருக்கிறது? அழிக்கும் முன் எண்ணை போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள்.
2. 'ஃப்ரீஸ் ஃப்ரேம்' இருக்கிறதா? விளக்கு எரிந்த நொடியில் வேகம், சூடு, ஆர்பிஎம் என்னவாக இருந்தது என்ற பதிவு அது. ஐடிலில் வந்ததா, நெடுஞ்சாலையில் வந்ததா என்பது இதில் தெரியும்.
3. இந்த பாகம்தான் பழுது என்று எந்தச் சோதனை செய்து சொல்கிறீர்கள்?
4. கழற்றிய பழைய பாகத்தைத் தர முடியுமா?

இவற்றைக் கேட்பதால் எந்த நல்ல மெக்கானிக்கும் கோபப்பட மாட்டார். சோதித்துச் சொல்வதற்குத் தனிக் கட்டணம் கேட்டால் கொடுப்பதில் தவறில்லை. தவறான சென்சார் ஒன்றை வாங்குவதைவிட அது மலிவு.

செகண்ட் ஹேண்ட் கார் வாங்கப் போகிறீர்களா?

என்ஜினை ஸ்டார்ட் செய்யும் முன் சாவியை 'ஆன்' நிலையில் நிறுத்திப் பாருங்கள். செக் என்ஜின் லைட் அப்போது எரிய வேண்டும், ஸ்டார்ட் ஆனதும் அணைய வேண்டும். ஆன் செய்யும்போதே எரியவில்லை என்றால் பல்பைக் கழற்றியிருக்கலாம், டேப் ஒட்டி மறைத்திருக்கலாம், இணைப்பு பழுதாகியிருக்கலாம். எதுவானாலும் காரணம் தெரியாமல் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள்.

ஓபிடி-2 கார் என்றால் ஸ்கேனரில் 'ரெடினஸ்' என்ற பகுதியையும் பாருங்கள். அதில் பல சோதனைகள் 'முடியவில்லை' என்று காட்டினால், சமீபத்தில்தான் கோடு அழிக்கப்பட்டிருக்கிறது அல்லது பேட்டரி கழற்றப்பட்டிருக்கிறது என்று அர்த்தம்.

விளக்கு எரிந்தால் சட்டச் சிக்கல் வருமா?

கோளாறான கலவையோடு ஓடும் கார் அதிகப் புகை கக்கும், புகைப் பரிசோதனையில் தேறாமல் போகலாம். செல்லுபடியாகும் புகைச் சான்றிதழ் இல்லாமல் ஓட்டினால் 2019-ல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டப்படி 10,000 ரூபாய் வரை அபராதம் விதிக்க இடம் உண்டு.

சொந்தப் பயன்பாட்டுக் காரின் ஆர்சி 15 ஆண்டுகளுக்குத்தான் செல்லும். அதன் பிறகு சோதனைக்குக் காட்டி ஐந்தைந்து ஆண்டாகப் புதுப்பிக்க வேண்டும். 20 ஆண்டு தாண்டிய கார்களுக்கான புதுப்பிப்புக் கட்டணத்தை 2025 ஆகஸ்டில் மத்திய அரசு 5,000 ரூபாயில் இருந்து 10,000 ரூபாயாக உயர்த்தியது. அந்த நேரத்தில் மொத்தமாகச் செலவு செய்து காரைத் தேற்றுவதைவிட, விளக்கு எரியும் அன்றே காரணத்தைப் பார்ப்பது லாபம்.

சுருக்கமாக

- மஞ்சள், நிலையாக எரிந்தால்: நிதானமாக ஓட்டலாம், சீக்கிரம் ஸ்கேன் செய்யுங்கள்.
- மஞ்சள், மின்னினால்: ஓட்டத்தை நிறுத்துங்கள்.
- சிவப்பு ஆயில் அல்லது சூடு விளக்கு: உடனே நிறுத்துங்கள்.
- கோடு எண் என்பது தேடலின் தொடக்கம். அதை வைத்து மட்டும் பாகம் வாங்காதீர்கள்.
- இ20 மீது சந்தேகம் இருந்தால் ஃபியூல் ட்ரிம் அளவைக் கேளுங்கள்.
- பழைய பெட்ரோல் கார் என்றால் சர்வீஸில் பெட்ரோல் ஹோஸ், ஃபில்டர், கேஸ்கெட்டைக் கேட்டுச் சோதிக்கச் சொல்லுங்கள். வாரம் ஒரு முறையாவது வண்டியை நன்றாகச் சூடேறும் அளவு ஓட்டுங்கள்.

பங்கில் எந்தப் பெட்ரோல் ஊற்றுவது என்று தேர்ந்தெடுக்கும் வாய்ப்பு பழைய கார் உரிமையாளருக்குக் கிடைக்கவில்லை. ஷெட்டில் எந்த பாகத்துக்குப் பணம் கொடுப்பது என்பதையாவது அவரே தெரிந்து முடிவு செய்யலாம். அதற்கு அழிக்கப்படாத ஒரு கோடு எண்ணும், சூடேறிய என்ஜினில் எடுத்த இரண்டு ட்ரிம் அளவுகளும் இருந்தால் தொடங்கிவிடலாம்.